கேள்வி எண் பதினான்கு

நகரி மலையின் மூக்கைப் பார்த்தபடி
ஏகாம்பரக்குப்பத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது
என் பையில் அறுபது படிவங்கள்.
முதல் வரியிலேயே சிக்கல்.
பார்க்கும் மொழி: ஒன்றை மட்டும் டிக் செய்க.

தேசம்மா சிரித்தாள்.
வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு,
நூல் வியாபாரியைத் திட்ட இரண்டும்,
சாமிக்கு எது முதலில் வாயில் வருகிறதோ அது.
"டிவிக்கு எந்தக் கட்டத்துல போடுவே?"

வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள்.
அவற்றுக்கு மேலே ஒரு பலகையில்
பஞ்சுத் தூசியில் மீசை முளைத்த டிவி.
முழுச் சத்தம் வைத்தாலும் ஒன்றும் கேட்காது.
அசைகிற உதடுகளுக்கு இவர்களே வசனம் போடுகிறார்கள்,
கத்திக் கத்தி.
நேற்று மாமியார் வாயால் கேட்கப்பட்டது
முதலாளி பாக்கி வைத்திருக்கும் தீபாவளி போனஸ்.
மருமகள் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று அழுதாள்.
குறிப்பேட்டில் எழுதினேன்: ஒலி, இல்லை.
பிறகு அடித்தேன்.

ஊற்றியதை வாங்கிக்கொள்ளப்
பார்வையாளர் ஒன்றும் பாத்திரமில்லை
என்று என் நெறியாளர் சொல்வார்.
மூன்று மேற்கோள்களோடு நானும் அதை
முதல் இயலில் எழுதிவிட்டேன்.
படிவம் மட்டும் ஏனோ
குழாயடியில் குடம் எண்ணுகிறது:
எத்தனை மணி நேரம், வீட்டில் எத்தனை பேர்.

இங்கே ஒரு தொடர். பெயர் வேண்டாம்.
தமிழில் எட்டரைக்கு.
அதுவே குரல் மாற்றித் தெலுங்கில் ஏழுக்கு,
நூற்று நாற்பது அத்தியாயம் பின்தங்கி.
தேசம்மா வீட்டில் தமிழ்.
ஒட்டினாற்போல் நாகரத்தினம் வீட்டில் தெலுங்கு.
நடுவே நாலரை அங்குலச் சுவர்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
தமிழில் அவள் செத்துப்போனாள்,
லாரி மோதி, மெதுவாக, மூன்று கோணங்களில்.
தேசம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.
மறுநாள் ஏழு மணிக்குப்
பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.
அங்கே அவள் உயிரோடு,
தெலுங்கில்,
புருஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தினமும் போகிறாள்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

நூல் சுற்றும் கை நிற்கவில்லை.
"சொன்னா இன்னிக்கே அந்த வீட்டுல சாவு விழும்.
இன்னும் அஞ்சு மாசம் இருக்குதில்ல?
இருந்துட்டுப் போகட்டும்."

கேள்வி எண் பதினான்கு.
தொடரின் மாந்தர் நிஜமானவர்கள் என்று நம்புகிறீர்களா?
ஆம். இல்லை. சொல்லத் தெரியவில்லை.
படித்துக் காட்டினேன்.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இதை நீ நெசமாவா கேக்கறே?"

அப்போது கரண்ட் போனது.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
திடீரென்று ஊருக்குக் காது முளைத்த மாதிரி
ஒரு சைக்கிள், ஒரு குக்கர்,
சுவருக்கு அந்தப் பக்கம் நாகரத்தினம்:
அவளுக்குப் பிறக்கப்போவது பெண்தான், பார்த்துக்கொண்டே இரு என்று
தெலுங்கில் யாரிடமோ பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாள்.
"அவுனு, அவுனு" என்று
இங்கிருந்தே தேசம்மா குரல் கொடுத்தாள்.
முகத்தில் ஒன்றும் இல்லை.
நான் படிவத்தை மடித்துவிட்டேன்.

சென்னையில் அத்தியாயங்களை எண்ணிப் பார்த்தேன்.
ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால்
தெலுங்கிலும் லாரி வரவேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன்,
'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே
ஒரு வரியும் வராமல்.

போன் வந்தது.
"லாரி வரலம்மா.
ஆளுங்க பாக்கறதில்லன்னு
தொடரையே நிறுத்திட்டாங்க.
நாங்கல்லாம் ஆளுங்க இல்லியா?
ஆஸ்பத்திரிக்குப் போகப் பை எடுத்து வச்சா.
அதோட சரி. இப்போ அங்க ஏதோ பாட்டுப் போட்டி.
அப்புறம் அவளுக்கு என்ன ஆயிருக்கும்னு
நாகரத்தினம் தினம் கேக்கறா.
நான் என்ன சொல்ல?
நீ படிச்சவதானே, நீயே சொல்லு."

பின்னால் எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.
நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.