தாம்பூலப் பைக்குள் ஆறு

பாட்டிலை எதற்குள் மறைப்பது என்று மூன்று நாள் யோசனை.
செய்தித்தாள் வியர்த்துக் கிழியும்.
சாக்ஸ் வேண்டவே வேண்டாம் என்றான் சோலைமலை,
வாசனை பார்க்கிற காரியமாயிற்றே.
கடைசியில் பரணில் கிடைத்தது:
யார் யார் கல்யாணத்திலோ தேங்காயோடு வந்து
மடிப்புக் கலையாமல் கிடந்த தாம்பூலப் பைகள்.

பீபிகுளம், மூன்று மாடிக்கு மேலே மொட்டைமாடி.
எட்டு மணிக்கும் தரை கால் வைக்க விடவில்லை.
ஐஸ் கேட்டுப் போனால்
"எத்தனை கிலோ மீனுக்கும்மா?" என்கிறார் நெல்பேட்டைக்காரர்.
ஆறு பாட்டிலுக்கு என்று சொல்ல வாய் வராமல்
"வஞ்சிரம், பெருசு" என்றேன்.

கண்ணாடிக் கோப்பை நாலே நாலு.
எனக்கு எவர்சில்வர் டம்ளர்.
துப்புவதற்கென்று துளசிராம் கொண்டுவந்த பித்தளைப் படிக்கம்
இரவு முழுக்க நடுவில் மின்னிக்கொண்டிருந்தது,
ஒரு சொட்டும் விழாமல்.

பகலெல்லாம் கண் ஆஸ்பத்திரி இருட்டறையில்
லென்ஸை மாற்றி மாற்றி நான் கேட்பதுதான்:
"இது நல்லாருக்கா, இல்ல இதுவா?"
தெரியாதவர்களும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.
இங்கேயும் அப்படித்தான்.

நான் ஒட்டிய நம்பர்கள் ஐஸ் தண்ணீரில் உரிந்து மிதந்தன.
மிஞ்சியது பையில் அச்சடித்த பெயர்கள்.

"ஷோபனா–கனகவேல் வாயில நிக்கவே மாட்டேங்குது."
"உஷாபாய்–கோவர்த்தனன் புதுச்செருப்பு மாதிரி."
"பவளக்கொடி–ராமதுரை இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."
"ஜெசிந்தா–மரியதாஸ் சத்தியமா நாசிக்" என்றார் இன்னாசிமுத்து.
கூட்ஸ் வண்டி கார்டு அவர்,
எந்த ஊரையும் ஸ்டேஷன் பெயர் போலத்தான் சொல்வார்.
துளசிராம் குடிப்பதற்கு முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
சாயப்பட்டறைக் கண்.
"இது ரெண்டாவது முக்குல எடுத்த சிவப்பு."
சோலைமலைக்கு எல்லாவற்றிலும் நாவல்பழம்.

ஒரு பையை மட்டும் உள்வெளியாகத் திருப்பி மாட்டியிருந்தேன்.
அடித்தையலில் தேங்காய் நார் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.
அதைப் பேரில்லாதது என்றார்கள்.

"எடுத்ததுமே காட்டம்" என்றான் சோலைமலை.
"மூடி சரியில்ல. எங்கயோ காத்து போயிருக்கு" என்றார் துளசிராம்.
"கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, சரியாயிரும்" என்றாள் நாகஜோதி.
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
"அது பாட்டிலப் பொறுத்தது."
ஒன்பது வருஷம் வைத்துப் பார்த்தேன் என்று
நான் சொல்லவில்லை.

பையை உருவினோம் ஒவ்வொன்றாய்.
நாசிக் என்றது பெங்களூர்.
பாண்டிச்சேரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த விலைகூடியது
ஆறில் ஆறாவது.
பேரில்லாதது மூன்றாவதாக வந்திருந்தது.
அதுவரை வாயே திறக்காமல் அதையே குடித்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து
எழுந்து நின்றார், காது சிவந்து.
சுருளிப்பட்டி பன்னீர் திராட்சை. அவருடைய அக்கா
கிறிஸ்துமஸுக்கு ஊறப்போட்டதில் மிச்சம்.
ராத்திரி பதினொன்றேகாலுக்குப் போன் போட்டு
"அக்கா, மூணு!" என்று கத்தினார்.
"என்னடா மூணு, யாருக்கு?" என்றது தூக்கத்திலிருந்து ஒரு குரல்.

அப்புறம் கறிதோசை,
அப்புறம் யார் யாரைக் கொண்டுபோய் விடுவது என்ற விவகாரம்.
திருப்பி மாட்டிய பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காலையில் எல்லாப் பையையும் அலசிக் காயப்போட்டேன்.
மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது
கைக்கு வந்தது அதுதான், நேராகத் திரும்பி.
வெண்டைக்காயைக் கொட்டிக்கொண்டே கடைக்கார அம்மா
எழுத்துக்கூட்டினார்:
"தில்லைநாயகி, அருள்குமரன்... யாரு தாயி இது?"
தெரிஞ்சவங்கதான் என்றேன்.
"என்ன இது, கல்யாணப் பையில நாவப்பழக் கறை?
எலுமிச்சம்பழம் தேச்சுப் பாரு."
ரெண்டு கொடுங்க என்றேன்.