தட்டிப் பார்த்து வாங்கியது

பத்து மாவோங் படகுத்துறையின் கடைசி மூலையில்
இரும்புக் கால்களின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
இருபத்தாறு அடி. எங்கள் இருவருக்கும் மூத்தது.
வயிற்றில் சிப்பி அப்பியிருந்தது, கழுத்தில் பாசிக் கோடு.
எவனோ டச்சுக்காரன் வைத்த பெயரில்
பாதி எழுத்து உதிர்ந்துபோய்
மீதி எந்த மொழியிலும் வாசிக்க வரவில்லை.

பதினோராயிரம் வெள்ளி என்றார் கூய்.
"இந்த விலைக்குப் பழைய மைவிகூட வராது."
மைவி மூழ்காது என்றேன்.
நவநீதன் என் முழங்கையைக் கிள்ளினான்.

மூன்று வருஷமாக இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து
சோறு ஆறுவதுகூடத் தெரியாமல்
போனில் படகு படகாய்த் தள்ளிக்கொண்டிருந்தவன்.
நாங்கள் கடலில் போனதெல்லாம் ஃபெர்ரியில்,
பட்டர்வொர்த்துக்கு,
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்.

எனக்குப் படகு தெரியாது. பழுது தெரியும்.
பாயான் லெப்பாஸ் ஆலையில் பதினாறு வருஷம்
நகத்தளவு சில்லுகளில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.
திருப்புளியைத் தலைகீழாய்ப் பிடித்து
பிடியால் தட்டிக்கொண்டே போனேன்.
டொக். டொக். டொக்.
டப்.
இங்கே தண்ணீர் குடித்திருக்கிறது.
இரண்டு கண்ணாடிநார் ஓட்டுக்கு நடுவில் பலகை
டீயில் விழுந்த ரொட்டியாய் ஊறிக் கிடக்கிறது.
பலாப்பழத்தில் மந்த ஓசை இனிப்பு,
படகில் செலவு.

லவனேஷின் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்கட்டி எடுத்து
வட்டம் போட்டேன். ஒன்பது வட்டம்.
ஒவ்வொன்றுக்கும் கூய் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.
ஐந்தாவதில் ஒன்பதாயிரம்.
ஒன்பதாவதில் ஏழாயிரத்து எண்ணூறு,
கூடவே ஒரு நங்கூரம்.

உள்ளே குனிந்துதான் நிற்கமுடியும்.
டீசல் வாடை, ஈரத் துணி வாடை,
அலமாரியில் ஒரு கால் உடைந்த மூக்குக் கண்ணாடி.
கிஷோனா மட்டும் நிமிர்ந்து நின்றாள்,
எங்கள் குடும்பத்தில் அன்று அவள்தான் உயரம்.
"கக்கூஸ் எங்கே?" என்றான் லவனேஷ்.
கூய் சிவப்பு வாளி ஒன்றைக் காட்டினார்.
அதுவும் விலைக்குள் சேர்த்தி.

நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளே இல்லை.
அறுத்தோம், காயவைத்தோம், எபாக்சி பூசினோம்.
என் கூந்தலில் ஒட்டியதை
கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.
நங்கூரம் போக
படகின் விலை இரண்டு மடங்காகியிருந்தது.
கணக்கை நான்தான் வைத்திருந்தேன்,
அவனிடம் முழுதாய்ச் சொல்லவில்லை.

இறக்கிய அன்று
ஜெரெஜாக் தீவுக்குப் பாதி வழியில்
மோட்டார் இருமிவிட்டு நின்றது.
கயிற்றை அவன் இழுத்தான், நான் இழுத்தேன்,
லவனேஷ் இழுத்தான்.
நீரோட்டம் எங்களைத் தெற்கே,
பாலத்தின் தூண்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.
கிஷோனா வாளியைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்தாள்.
"இதைத்தான் மூன்று வருஷம் பார்த்தாயா?"
என்று நான் கத்தியது
மீன் தூண்டில்காரர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவன் பதில் சொல்லவில்லை.
கை நடுங்க நடுங்கப் பாயை ஏற்றினான்.
பூஞ்சை பூத்த பழம் பாய்
இரண்டு முறை படபடத்து
மூன்றாவதில் வயிறு நிறைந்தது.
படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
கவிழப்போகிறது என்றே நினைத்தேன்.
சாய்ந்தபடியே நகர்ந்தது,
அப்படித்தான் போகுமாம்.
தூண்கள் விலகி விலகிச் சிறுத்தன.
வாளியிலிருந்து முகம் எடுத்த கிஷோனா
"சத்தத்தை யார் நிறுத்தினது?" என்றாள்.

இரவு, ரேலாவில்,
பதினான்காம் மாடியில் தூக்கம் வரவில்லை.
கட்டில் ஆடாதது உறுத்தியது.
உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் நவநீதன்.
பேங்குக்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம்
கட்ட வேண்டிய சுவரை
விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.

டப்.

சற்றுத் தள்ளி, மறுபடியும்.
டப்.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ
பக்கத்து வீட்டு அஸ்லினா
அந்தப் பக்கமிருந்து
இரண்டு முறை தட்டினாள்.