கேட்ட விலை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
ஆடியில் கணவாய்க் காற்று கிளம்பினால்
ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கருங்கல் வேண்டும்.

பதினோரு பெயர்கள் வாங்கி வைத்திருந்தேன்,
இணையத்தில்,
வருஷத்துக்குத் தலா எண்ணூற்று நாற்பத்தொன்பது.
லாட்டரி வாங்க எல்லை தாண்டுகிறவர்களைப் பார்த்துச்
சிரித்தவன் நான்.
சீட்டு குலுக்கலோடு செத்துப்போகும்.
பெயர் அப்படியா?
வில்லங்கம் பார்க்க வேண்டாம், முள்வேலி வேண்டாம்,
பக்கத்துக் காட்டுக்காரன் ராத்திரியில்
வரப்பை நகர்த்த மாட்டான்.

தக்காளிமண்டி, இளநீர்லோடு, தவிடுபுண்ணாக்கு
என்று பத்தும் சாதாரணப் பெயர்கள்.
பதினொன்றாவது
பொன்னாழி.

பொன்னாழி, சித்தூர்ப் பக்கத்துத் தேங்காயெண்ணெய்.
நீலக் கேன், மஞ்சள் மூடி.
தினம் ஆறு லாரி என் கடையைத் தாண்டும்.
ஆலை இருந்தது அவர்களுக்கு, குடோன் இருந்தது,
டிவியில் கூந்தல் உலர்த்த ஒரு பெண் இருந்தாள்,
டாட் காம் மட்டும் இல்லை.
பில்லை நகலெடுக்க வந்த டிரைவர் ஜினீஷ் சொன்னான்:
'முதலாளி மகன் துபாய் விட்டு வந்நாச்சு.
இனி எல்லாம் ஓன்லைன்.'
அவன் வண்டி கோவை போய்ச் சேருமுன்
அந்தப் பெயர் என் பெயரில்.

ஒரு வருஷம் காத்தேன்.
பூட்டிய வீட்டின் முன்
'விற்பனைக்கு' என்ற பலகை மட்டும்.
மாதம் நாற்பது பேர் பார்த்ததாகக் கணக்கு வரும்,
அதில் முப்பத்தெட்டு நான்.

கை சும்மா இருக்கவில்லை.
விஷுவுக்கு முந்தின ராத்திரி மெயில் எழுதினேன்.
ஐம்பதாயிரம் என்று அடித்தேன், அழித்தேன்.
குறைத்துக் கேட்டால் மதிக்க மாட்டார்கள்.
ஒன்றரை. அழித்தேன்.
மூன்று லட்சம்,
'பேசிக்கொள்ளலாம்' என்று சேர்த்து
அனுப்பிவிட்டுத் தூங்கினேன்,
நன்றாகவே.

பதில் கொச்சியிலிருந்து, பதிவுத் தபாலில்.
பதினான்கு பக்கம், நூறு ஜிஎஸ்எம் தாள்;
நான் வாங்குவதோ எழுபது.
ஆடிக் காற்றில் அதற்குக் கல் தேவைப்படவில்லை.
முப்பது வருஷத்துக்கு முன்னால் பதிந்த வர்த்தகக் குறி,
அதன் முத்திரை, அதன் நகல்.
ஆறாவது இணைப்பு என் மெயில்.
மூன்று லட்சத்தின் அடியில் சிவப்புக் கோடு.

கோவை வக்கீல் பரிமளகாந்தன்
கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார்:
'பொன்னாழின்னு வீட்ல யாருக்காச்சும் பேரு உண்டா?
நாய்க்காவது?'
இல்லீங்க.
'அந்தப் பேர்ல ஏதாச்சும் வித்தியா? ஒரு குண்டூசி?'
இல்லீங்க.
'சும்மா இருந்திருந்தா எதையாவது சொல்லிப் பாத்திருக்கலாம்.
வெலை சொன்ன பாரு,
அதான் சாட்சி.'
ஃபீஸ் இரண்டாயிரம்.

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள்
துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்.
ஏனென்று
பஸ்ஸில் திரும்பும்போது புரிந்தது.

பெயரைக் கொடுத்துவிட்டேன்.
பதினாறு எழுத்துச் சங்கேதம், ஒரு சொடுக்கு.
நன்றி என்றுகூட வரவில்லை.
இப்போது அந்தக் கதவைத் திறந்தால்
கூந்தல் உலர்த்துகிறவள் நிற்கிறாள்.

போன வாரம் கொழிஞ்சாம்பாறை ஷெரீபா வந்தாள்.
நாலு வண்டி வைத்து டெல்லிவரை
இளநீர் அனுப்புகிறவள்.
ஆதார் நகலெடுத்துக்கொண்டே,
'இளநீர்லோடு உங்க கையிலயாமே' என்றாள்.
யாருடைய குறியும் இல்லாத பெயர்,
யாரும் வழக்குப் போட முடியாத பெயர்.
மிஷினின் பச்சை வெளிச்சம்
ஒருமுறை போய் வந்தது.
'எவ்வளவு?'

தோளைத் தொட்டுப் பார்த்தேன்.
துண்டு இல்லை.