நாற்பத்தொன்று

ஊலு நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கில்
வாடகைக்கு ஸ்கேட் எடுத்துக் கொடுப்பவள் நான்.
முகங்கள் எனக்கு நிற்பதில்லை,
கம்பளித் தொப்பிக்குள் எல்லோருக்கும் ஒரே முகம்.
எண்கள் நிற்கும்.
தபால்காரர் நாற்பத்து நான்கு.
பாதிரியார் மனைவி முப்பத்தாறு,
இடது காலுக்கு மட்டும் கொஞ்சம் பஞ்சு.

ஹில்க்கா முப்பத்தொன்பது.
மீன் ஆலையில் கணக்கு எழுதுகிறாள்.
செவ்வாய்தோறும், கூட்டம் கலைந்தபின் வந்து
பனியில் சில எட்டுகள் போட்டுவிட்டுப் போவாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் நாற்பது கேட்டாள்.
"காலுறை தடிமன்."
ஐந்தாவதில் நாற்பத்தொன்று.
"வயசானால் பாதம் பரந்துவிடும்."
ஆறாவதில் நாற்பத்திரண்டை நீட்டியபோது
ஒன்றும் சொல்லவில்லை.
சில்லறை வாங்கிய கையைப் பார்த்தேன்.
மோதிரம் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.
வெளியே மைனஸ் இருபது,
அவள் நெற்றியில் வியர்வை.
குரலோ ஒவ்வொரு வருடமும்
ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டிலும் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான்.
ஆர்வோ, பதின்மூன்று.
அக்டோபரில் வாங்கிய ஸ்கேட்
பிப்ரவரியில் கடித்தது.
காசுக்காகத் திட்டினேன்,
அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, பெருமையாக.

ஒரு செவ்வாய் கேட்டுவிட்டேன்.
இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
"நாற்பத்தேழு வயசில்
இன்னும் எதற்கு வளர்கிறாய்?"
சிரித்தாள்.
பற்களுக்கு நடுவே புது இடைவெளிகள்.

ஏப்ரலில் ஸ்கேட் கேட்காமல் வந்து நின்றாள்.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி,
அதில் ஒரு கட்டி.
சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்த்தார்களாம்.
இனிப்பு உள்ளே போனதும்
வளர்ச்சி ஹார்மோன் தலைகவிழ வேண்டுமாம்.
அவளுக்குள் அது நிமிர்ந்தே நின்றது.
கல்லீரலை ஏவி
எலும்பைத் தடிக்கவைத்து, நாக்கைப் பருக்கவைத்து,
கொழுப்பைக் கரைத்துக் கரைத்து எரித்து,
சர்க்கரையை மட்டும் ரத்தத்தில் தேக்கிவிட்டது.
இன்சுலின் தட்டுகிறது, தட்டுகிறது,
உள்ளே யாருக்கும் காது கேட்கவில்லை.
"வியாழக்கிழமை பட்டாணி சூப்பைப்
பார்க்கவே பிடிக்கவில்லை" என்றாள்.

அன்றிரவு ஆர்வோவின் அறை வாசலில் நின்றேன்.
ஆழ்ந்த தூக்கத்தில்
அதே பட்டாணியிலிருந்து அதே சரக்கு
தவணை தவணையாக இறங்கிக்கொண்டிருக்கும்.
அவன் எலும்பு முனைகள் இன்னும் மூடவில்லை,
நீளத்துக்கு இடம் இருக்கிறது.
அவளுக்கு மூடி முப்பது வருடம்.
வந்தது போக வழியில்லாமல்
அகலத்தில் தங்குகிறது.
போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தைச்
சாண் போட்டு அளந்தேன்.
தூக்கத்திலேயே உதைத்தான்.

மூக்கு வழியாக எடுத்தார்களாம்.
நவம்பரில் வந்தாள்.
தாடை அப்படியேதான் இருந்தது,
எலும்பு கொடுத்ததைத் திருப்பி வாங்குவதில்லை.
கேட்காமலே நாற்பத்திரண்டை வைத்தேன்.
மாட்டினாள், கயிறு இழுத்துக் கட்டினாள்,
ரப்பர் விரிப்பில் நாலடி நடந்து திரும்பினாள்.
"ஆடுகிறது."

அலமாரியில் நாற்பத்தொன்று இல்லை.
இருந்த மூன்று ஜோடியும் பனிமேல்,
ஒன்று ஆர்வோவின் காலில்.
கூப்பிடட்டுமா என்றேன்.
"இல்லை, இருக்கட்டும்.
அவசரமில்லை" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.
கையுறையைக் கழற்றினாள்,
மாட்டினாள்,
மறுபடி கழற்றினாள்.