எழுத்தட்டை வருவதற்கு முன்

கென்ட் நகரில், நூற்பாலைக்கு எதிர்ச்சாரியில்
அந்தக் கொட்டகை.
பியானோக்காரர் குடித்துவிட்டு வரவில்லையென்றால்
மற்றவர்கள் காலை உதைப்பார்கள்.
ஃபிலோமீனுக்கும் எனக்கும் அது ஒரு பொருட்டில்லை.
பிறந்ததிலிருந்தே எங்களுக்குக் காது கேட்காது.

படத்தில் ஹெயில்விக்.
அறுநூறு வருஷத்துக்கு முந்தியவள்.
தேவாலயச் சுவரோடு ஒட்டிய அறைக்குள் போய்
வாசலைக் கல் வைத்து அடைக்கச் சொன்னவள்.
உள்ளே ஒரு குரல் கேட்டதாம்.
கேட்டதை லத்தீனில் எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள்.
மீன் விற்கும் பெண்களின் பேச்சில் எழுதினாள்.
அதற்குத்தான் ஏழு பாதிரிமார்,
அதற்குத்தான் அத்தனை விறகு.

ஊரே அழுதது.
அபராதம் போடுவதற்கென்றே பிறந்த எங்கள் மேஸ்திரி
தொப்பிக்குள் மூக்கைச் சிந்தினார்.

நாங்கள் சிரித்தோம்.

தலைமைப் பாதிரி விரலை நீட்டுகிறார்,
முகம் திரை கொள்ளாமல் வருகிறது,
உதடு சொல்கிறது:
"அந்தச் செவலைக் குதிரைமேல் இருபது ஃபிராங்க் கட்டினேன்.
நொண்டிவிட்டது, சனியன்."
அதற்குப் பிறகுதான் எழுத்தட்டை,
மேலே பிரெஞ்சு, கீழே எங்கள் ஃபிளெமிஷ்:
"பெண்ணே, இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

இரண்டாம் பாதிரிக்குச் செருப்பு கடிக்கிறது.
மூன்றாமவர் மதியச் சாப்பாட்டைப் பற்றி.
ஃபிலோமீன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.
முன்வரிசைக் கிழவர் திரும்பி முறைக்கிறார்.

அப்போது அவள் தலை நிமிர்கிறாள்.
முக்காடு நழுவுகிறது. கண்ணில் நீர் கோத்து நிற்கிறது.
உதடு:
"பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.
ராத்திரி பால்கூட இறங்கவில்லை.
இதையே எத்தனை தடவை எடுப்பீர்கள்?"

எழுத்தட்டை:
"என் ஆண்டவர் என்னை மறக்கவில்லை."

இருட்டில் நாங்கள் உள்ளங்கையில் பேசுவோம்.
ஃபிலோமீனின் விரல் என் கையில் நின்றுவிட்டது.
பார்த்தாயா?
பார்த்தேன்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும்.
வாரக்கூலியில் பாதி அந்த ஜன்னலில் போயிற்று.
காய்ச்சல் விட்டதா என்று பார்க்கத்தான்,
வேறெதற்கு?
படத்தில் ஒரு சொல் மாறாது, தெரியும்.
ஆனாலும் ஒவ்வொரு தடவையும்
அந்த இடம் வரும்போது
நாற்காலி விளிம்புக்கு வந்துவிடுவோம்.

கடைசிக் காட்சி.
கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். விறகு பிடித்துக்கொண்டது.
புகை முகத்தை மூடுவதற்குள்
ஒரே ஒரு சொல் தெரிகிறது:
"போய்விட்டது."

காய்ச்சல், என்றாள் ஃபிலோமீன்.
வெளியே டிராம் நிறுத்தத்து விளக்கடியில்
திரும்பத் திரும்ப, கை வலிக்கிற அளவுக்கு,
காய்ச்சல், காய்ச்சல்தான்.
நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
தீயை முதலில் எடுத்தார்களா,
விசாரணையை முதலில் எடுத்தார்களா?
அது தெரியாமல் நான் என்ன பேச?

படம் ஓட்டும் காமியேலிடம் சீட்டு எழுதி நீட்டினோம்.
"இந்த நடிகையின் பிள்ளை பிழைத்ததா?"
அவர் படித்தார்.
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து
எங்கள் எழுத்துக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தார்:

"இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

ஃபிலோமீன் அதை நாலாக மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
மழை பிடித்தது.
காலை ஆறு மணிக்குத் தறி.