நீடாமங்கலம் கேட்டில் கிடைத்த முகங்கள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் விழுந்தால்
அரை மணி நேரத்துக்கு உத்தரவாதம்.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போகும், பின்னே வரும்,
எதையோ மறந்ததுபோல் மறுபடி முன்னே போகும்.
அதுவரை
மன்னார்குடி பஸ்ஸும் தஞ்சாவூர் பஸ்ஸும்
என் கடை வாசலில் நிற்கும்
ஜன்னலுக்கு ஒரு முகம் வைத்து.

என் பிழைப்பு அந்த ஜன்னல்களில்.
பெயர்ப்பலகை எழுதுவேன்,
டிராக்டர் பின்னால் மயில் போடுவேன்,
சிவகாசி அச்சகத்துக்குப் புலவர்கள் வரைவேன்:
பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டும் தாளில்
பன்னிரண்டு பேர்.

அவர்களில் ஒருவரையும் ஒருவரும் பார்த்ததில்லை.
ஊரை, யானையை, பசியைப் பாடியவர்கள்
தம் மூக்கைப் பற்றி ஒரு சீர் விட்டுப்போகவில்லை.
"தாடி போட்டுருங்க மேடம்,
தாடி இல்லேன்னா வாத்தியாரே நம்ப மாட்டார்."
போட்டேன்.
மூன்றாம் எண்ணுக்கு
வலங்கைமான் கண்டக்டரின் நெற்றி.
ஐந்துக்கு, உர மூட்டையில் சாய்ந்து தூங்கியவரின் கீழுதடு.
எட்டாமவர் அரசனிடம் பரிசில் கேட்கும் பார்வை
ஏழு ரூபாய் சில்லறை பாக்கிக்காகக்
கடைசிவரை இறங்காமல் நின்ற ஒருவருடையது.

ஏழாம் எண்ணில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஈரக்கதவினார்.
அது அவள் பெயரே அல்ல.
மழையில் ஊறிப் பருத்த கதவு
திறக்கவும் வராது சாத்தவும் வராது
என்று நாலு வரி பாடியிருக்கிறாள்.
பெயர் போய்விட்டது, கதவு இருக்கிறது.
"கிழவியாப் போடுங்க, கையில ஒரு கோல்.
பழைய படம் ஒண்ணு கிடக்கு, அதையே கொஞ்சம் மாத்தி..."
அந்தக் கதவை எட்டி உதைத்திருக்கிறாள்,
நாலாம் வரியில் சத்தம் கேட்கிறது,
கோல் வேண்டாம் என்றேன்.

ஐப்பசி. வெண்ணாறு கரை தொட்டு ஓடிய வாரம்.
நாலு பத்து பஸ், இரண்டாவது ஜன்னல்.
ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.
அவள் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள்.
இன்னொன்று.
பிறகு விட்டுவிட்டாள்.
சாரல் காதிலும் கழுத்திலும் இறங்க
எதிரே கூட்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்
இந்த மழைக்கும் தனக்கும் பழைய கணக்கு என்பதுபோல.
கையில் அகப்பட்ட பிளெக்ஸ் பில்லின் பின்பக்கம்
இடப்பக்கம் முழுதும் வரைந்துவிட்டேன்.
மறுபக்கத்துக்கு அவள் திரும்பவேண்டும்.
கேட் ஏறியது.

மூன்று வாரம் நாலு பத்துக்கு வாசலில் நின்றேன்.
பஸ் வந்தது. ஜன்னல் வந்தது.
ஒரு நாள் அதில் பலாப்பழம் இருந்தது.

பக்கவாட்டு முகமாகவே அனுப்பினேன்.
போன் வந்தது.
"பாதிதானே இருக்கு மேடம்?"
"நாலு வரிதானே இருக்கு."
கொஞ்ச நேரம் அச்சு இயந்திரச் சத்தம் மட்டும்.
"சரி, தாடி இல்லாம ஒருத்தராவது இருக்கட்டும்."

தையில் ஒரு மத்தியானம்
கேட் மூடியிருக்க, தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாள்.
ஜெகபர் கடையில் தாள் கிளிப்பில் தொங்கியது.
ஷாம்பு சரத்தை ஒதுக்கிப் பார்த்தாள்.
விரல் முதல் வரிசையில் நகர்ந்தது,
இரண்டாம் வரிசையில் நகர்ந்தது,
ஈரக்கதவினார் மேல்
நிற்காமல் கடந்தது.
திரும்பிப்போய் மூன்றாம் புலவரிடம் நின்றது.
"இவரை எங்கியோ பாத்திருக்கேன்" என்றாள் ஜெகபரிடம்.
"புலவருங்க" என்றார் அவர்.
"இல்ல, சில்லறை விஷயத்துல ரொம்பக் கறார்."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.
அந்த மறுபாதியை நன்றாகவே பார்த்தேன்.
இரண்டாம் அச்சு மாசியில் வந்தது,
நான் எதையும் திருத்தவில்லை.

மகளுக்கு ஒரு தாள் வாங்கினாள்.
ஜெகபர் உருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்,
படம் உட்பக்கமாக.
பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது, ஓடினாள்.

ஏழாம் எண்ணுக்கான முந்நூறு ரூபாய்
சிவகாசியிலிருந்து இன்னும் வரவில்லை.
பாதிப் படத்துக்குப் பாதிதானாம்.