இலைக்குப் பத்து சென்டாவோ

கூலி அதுதான்.
இலையைத் திருப்பு, லென்ஸை வை, எண்ணு, எழுது.
அரபோங்கா மலைச்சரிவில்
ஜுராந்திரின் காப்பித் தோட்டத்து நடுவே
எனக்கொரு மேசை. மேசைக்கு மூன்று கால்.
நான்காவதற்குச் செங்கல்.

நடுநரம்பிலிருந்து கிளைநரம்பு பிரியும் கக்கத்தில்
ஒரு குழி, ஊசிமுனை நுழையுமளவு.
காப்பிச்செடி தானே கட்டிவைத்த அறை.
உள்ளே ஒன்று,
பால்துளிக்குக் கால் முளைத்தாற்போல்.
எட்டுக்கால். கண் கிடையாது.
முன்காலால் தடவித் தடவிச்
செம்பேன் முட்டையைக் கண்டுபிடித்து
உறிஞ்சிவிட்டு
அடுத்ததற்குப் போகிறது.
முட்டை கிடைக்காத நாளில்
இங்கா மரத்தின் காம்பில்
பூவே இல்லாமல் சுரக்கும் தேன் இருக்கிறது,
பசி தாங்கும்.

இதற்குமுன் பதினொரு வருஷம்
முதுகில் மருந்துத்தொட்டி சுமந்தவள் நான்.
வலது தோளில் வாரின் தடம்
இன்னும் நிறம் திரும்பவில்லை.
இலைக்கு அடிப்பக்கம் உண்டென்பதே
அன்று தெரியாது. அடி, நட, அடி.
எத்தனை அறைகளில் எத்தனை பேரை
என்று எண்ணவில்லை.
எண்ணுவதற்கு அப்போது கூலியில்லை.

ஆகஸ்ட். மழை பெயர் மறந்த மாதம்.
வேலிக்கு அப்பால் அதெமார்
காப்பிக்கு வெயில் வேண்டுமென்று
இங்காக்களை வெட்டிச் சாய்த்துவிட்டான்.
அவன் இலைகள் வெண்கலமாகின.
பிறகு எங்கள் ஓர வரிசையும்.

ஜுராந்திர் கொட்டகையிலிருந்து
தொட்டியை வெளியே எடுத்துவைத்தான்.
அதைப் பார்த்ததும் என் தோள் தானாகச் சாய்ந்தது.
"எத்தனை, ஒதீலியா?
இலைக்கு ஐந்துக்குமேல் இருந்தால் பொறுப்பேன்.
இல்லையென்றால் நாளைக்கே அடிப்போம்."

லென்ஸில் மூன்று.
இன்னொரு இலை, மூன்று.
இன்னொன்றில் இரண்டும்
ஒரு காலி அறையும்.

ஏழு என்று எழுதினேன்.

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தொட்டியை உள்ளே வைத்தான்.
ஒன்பது இரவு எனக்குத் தூக்கமில்லை.
அவன் கடன், அவன் மூன்று பிள்ளைகள்,
என் பென்சில்.

பத்தாம் நாள் எண்ணினேன். ஐந்து.
என் பொய்யை இன்னும் எட்டவில்லை.
ஆனால் செம்பேன் முட்டைகள் பாதிக்குமேல்
வெறும் தோல்.
மறுநாள் மழையும் வந்து தொலைத்தது.
இனி யாரைக் கேட்பது, காப்பாற்றியது எதுவென்று?

ரப்பர் மேசைமேல்தான் கிடந்தது.
தாளில் அந்த ஏழை மட்டும்
நான் அழிக்கவில்லை.